இருபத்தெட்டு பறிகளும் ஒரு நண்டும்

ஐந்தாம் வகுப்பில் மொத்தம் இருபத்தெட்டு பிள்ளைகள். இருபத்தெட்டு வாயிலும் பனையோலையில் பின்னிய பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, எச்சில் வடிய, சேறு கரைத்த தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

யாரும் பேசவில்லை. எங்கள் வகுப்பு மின்விசிறிக்கு ஒரு கடகடச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அவர் வாசலில் வந்து நின்றார். கையில் கோப்பு, நெற்றியில் வியர்வை. பேச்சு வராத ஒரு சிறுமியைச் சோதித்து அறிக்கை எழுத வந்த அலுவலர்.

"குட் மார்னிங் சில்ட்ரன்."

இருபத்தெட்டு பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். தலையை ஆட்டினார்கள். பைகளும் சேர்ந்து ஆடின. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

அலுவலர் கோப்பைப் பிரித்து என் கடிதத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், லெட்டர்ல ஒரு பொண்ணுக்குத்தானே பேச்சு வரலைன்னு எழுதியிருந்தீங்க?"

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும். பாவம், நல்ல மனிதர்தான். ஆனால் அவரை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் என் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் குற்றவாளி அதுதான்.

மளிகைக் கடைக் குரல்

என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை போட்டவர். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நாள் முழுக்கக் கடை வாசலில் வரிசைகட்டி நின்று ஹாரன் அடிக்கும். அந்த இரைச்சலுக்கு மேலே "உளுந்து அரைக் கிலோ, கடுகு நூறு" என்று குடோனில் நிற்கும் சித்தப்பாவுக்குக் கேட்க வேண்டும். கேட்டது. காசிமேடு வரைக்கும் கேட்டது என்பார்கள்.

அந்தக் குரல் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ரகசியம் பேசினால் எதிர்வீட்டிலிருந்து யோசனை சொல்வார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் "காபி எடுத்துக்கோங்க" என்று சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் நாலு பேரும் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டதாக என் மாமியார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் ராயபுரம்தான். ஆனால் கோபம் வந்தால் மட்டும் வாயில் அப்பாவின் ஊர் வந்துவிடும். எண்ணூரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் காலை மணி அடித்ததிலிருந்து சாயங்கால மணி வரைக்கும் நான் அதிகம் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்று.

"வாய மூடுல!"

ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் அதே 'ல'தான். இரண்டாம் பெஞ்சு லோகேஷ், காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர் மகன், ஒருநாள் நான் எத்தனை தடவை சொல்கிறேன் என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணினான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பெஞ்சில் இடம் தீர்ந்துவிட்டது.

ஜூன் மாதம் வந்தவள்

பவானி அந்த ஜூனில்தான் ஐந்தாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். முகத்துவாரத்துக்கு மேலே, ஆற்றங்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்புப் பெண். அங்கேயிருந்து எங்கள் பள்ளிக்கு வந்தவள் அவள் ஒருத்திதான்.

முதல் நாள் ஏதோ சொல்ல எழுந்ததாக லேசான ஞாபகம். அதற்குப் பிறகு ஒரு சொல் கிடையாது. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். பலகையில் எழுதியதைப் பார்த்து முத்து முத்தாக எழுதுவாள். பாட்டு, வாய்ப்பாடு, "வணக்கம் டீச்சர்", எதற்கும் உதடு பிரியாது. இரண்டு கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மற்றவர்கள் அவளோடு ஒட்டவில்லை. "அது ஆத்துல தடவுற வூட்டுப் பொண்ணு டீச்சர்" என்று கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள். கடலும் ஆறும் ஒரே இடத்தில் கலக்கிற ஊரில் இப்படி ஒரு கோடு. எனக்கு அது உறுத்தியது. உறுத்தியதே தவிர, நான் ஒன்றும் செய்யவில்லை. அதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று செய்தேன். கடிதம் எழுதினேன். "மாணவிக்குப் பேச்சு வரவில்லை. சிறப்புக் கவனம் தேவை" என்று அழகான கையெழுத்தில் எழுதித் தலைமையாசிரியை விசாலாட்சி மேடத்திடம் கொடுத்தேன். அவர் முத்திரை குத்தி மேலே அனுப்பினார். பெரிய புண்ணியம் செய்த நினைப்பில் அன்று சாயங்காலம் ஒரு பாதாம் பால் வேறு வாங்கிக் குடித்தேன்.

மணலிக் காற்று

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வந்தது. இயற்கையோடு கற்றல், மண்ணின் மக்கள் அறிவு, படைப்பாற்றல் என்று மூன்றையும் சேர்த்து ஒரே பயிற்சி. குளிர்சாதன அறையில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு இயற்கையைப் பற்றிப் பேசினார்கள். சமோசா நன்றாக இருந்தது. இலையை ஒட்டி யானை செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டு திரும்பினோம்.

எங்கள் பள்ளியில் ஒரே ஒரு பூவரச மரம். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து அதன் இலை எந்தப் பசைக்கும் ஒட்டாது. எனவே யானையை விட்டுவிட்டு, "நாளைக்கு ஆளுக்கொரு இயற்கைப் பொருள் கொண்டு வாங்க" என்று சொன்னேன்.

மறுநாள் என் மேஜை நிறைந்துவிட்டது. சிப்பி, கணவாய் ஓடு, உயிரோடு ஒரு நண்டு, உயிர் போய் இரண்டு நாளான ஒரு மீன். ஒருத்தி பாலித்தீன் கவரில் சாம்பல் கொண்டுவந்தாள். "எங்க மொட்ட மாடில தானா வெளையுது டீச்சர்" என்றாள். லோகேஷ் மூடி போட்ட காலி பாட்டில் ஒன்றை வைத்தான்.

"என்னல இது, ஒண்ணுமே இல்ல?"

"கீது டீச்சர். மணலி காத்து. எங்க பெரியம்மா வூட்டாண்ட, ஆயில் கம்பெனி பக்கத்துல புடிச்சாந்தேன். தொறந்து பாருங்க, பேஜாரா பூடும்."

நான் திறக்கவில்லை. அதற்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தேன்.

பவானி எதுவும் சொல்லாமல் வந்து ஓர் ஓலைப்பையை வைத்துவிட்டுப் போனாள். கையளவு இருக்கும், வாய் குறுகி, அடி பருத்து. விளிம்பில் ஓர் இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. என் சிவப்பு மைப் பேனாக்களை எல்லாம் அதில் போட்டு மேஜையில் வைத்துக்கொண்டேன். சாக்பீஸ், ஊக்கு, தொண்டைக்குப் போடும் மிட்டாய் எல்லாம் அதற்குள் போயின. இவ்வளவு நல்ல பேனா ஸ்டாண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பெருமையடித்தேன்.

"எம் பறி எங்க?"

பத்து நாள் கழித்து ஒரு பெண் வகுப்பு வாசலில் வந்து நின்றார். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தார். காலில் காய்ந்த சேறு. உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடித்துப் புண்ணாகியிருந்தது. பவானியின் அம்மா கௌரி.

"டீச்சரம்மா, எம் பறி எங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் நேராக மேஜைக்கு வந்தார். என் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். சாக்பீஸை வைத்தார். மிட்டாயை வைத்தார். கடைசியில் பையைக் கவிழ்த்துத் தட்டினார்.

"புதுசு பின்ன நேரமில்லாம பத்து நாளா பிளாஸ்டிக் பைய கடிச்சினு எறங்குறேன். வாயெல்லாம் பாருங்க, கிழிஞ்சி பூட்ச்சி."

பிறகுதான் லோகேஷ் எனக்கு விளக்கினான். அது இறால் பறி. இருளர் பெண்கள் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பதை எல்லாம் அதில் போட வேண்டும். பாதி வகுப்புக்கு இது தெரியும். மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"ஏம்ல சொல்லல?"

"நீங்கதான் வாய மூட சொன்னீங்க டீச்சர்" என்று சிரித்தான்.

எனக்கு முகம் கூசிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, கௌரியை உட்காரவைத்து, டீ வரவழைத்தேன். பேச்சோடு பேச்சாக, பவானிக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு வராதா என்று கேட்டேன்.

கௌரி டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"பேச்சு வராதா? அதுவா? நாய் கூட பேசும், கோழி கூட பேசும், பேசறதுக்கு ஆளு இல்லன்னா செவுத்து கூட பேசும். காது வலிக்குதுன்னுதான் நான் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புனேன்."

"இங்க வாயே திறக்கிறதில்லையே?"

"நீங்கதான மூட சொன்னீங்க."

அதே பதில். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"தண்ணில எறங்குனா பெரியவங்க வாய மூடுன்னு சொல்லுவாங்க. மூடுனா மூடுனதுதான். தொறந்தா பறி வுழுந்துடும், காலைலேந்து புடிச்சதெல்லாம் ஆத்தோட பூடும். கெளுத்தி முள்ளு குத்துனாலும் தொறக்க மாட்டோம், நண்டு கடிச்சாலும் தொறக்க மாட்டோம். கரைக்கு வந்து அவங்க தொறன்னு சொல்லணும். அப்டிதான் அத பழக்கி வச்சிகீறேன். நீங்க மொத நாளே மூடுன்னீங்களாம். இன்னும் தொறன்னு சொல்லலியாம்."

ஜூனிலிருந்து அக்டோபர். நாலு மாதம். மற்ற இருபத்தேழு பேரும் என் அதட்டலை மின்விசிறிச் சத்தமாக நினைத்துத் தள்ளிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் அதை அப்படியே கேட்டு நடந்திருக்கிறாள். அவளைப் பற்றித்தான் நான் கடிதம் எழுதியிருக்கிறேன்.

அவசரமாகப் பவானியைக் கூப்பிட்டேன். "வாயைத் திறம்மா" என்றேன்.

திறந்தாள். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"இன்னாம்மா, டாக்டரு மாறி சொல்றீங்க" என்றார் கௌரி. "அதுக்கு உள்ள பயம் குந்திகினு கீது. மெதுவாதான் வரும்."

கடிதத்தைப் பற்றி நான் சொன்னேன். அது செல்லுபடியானால் பவானி சிறப்பு மையத்துக்குப் போக வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதையும் சொன்னேன். கௌரி எழுந்தார். பறியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"விடியக்கொள்ளோ நான் ஆத்துல கீறேன். ரெண்டு பஸ்ஸு மாறி யாரு இட்டுகினு போவா? பள்ளிக்கூடத்துலேந்து நின்னுக்கட்டும் வுடுங்க."

அந்த "நின்னுக்கட்டும்" என்ற சொல் என் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்தி நின்றது.

இருபத்தெட்டு பறிகள்

விசாலாட்சி மேடத்திடம் ஓடினேன். கடிதத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்றேன்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, வுட்ட அம்பு திரும்புமா? வர்ற வெள்ளிக்கிழமை ஆபீசர் நேர்ல வர்றாரு. அவர் முன்னாடி அந்தப் பொண்ணு பேசினா லெட்டர் செல்லாது. பேசலன்னா செல்லும். அவ்ளோதான்."

ஒரு வாரம்தான் இருந்தது. கெஞ்சிப் பார்த்தேன், கடலை மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன், மெதுவாகப் பேசிக்கூடப் பார்த்தேன். நான் மெதுவாகப் பேசினால் பிள்ளைகளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று லோகேஷ் விசாரித்தான்.

கடைசியில் பயிற்சியில் கொடுத்த புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, கௌரியிடம் பனையோலை கேட்டேன். ஒரு கட்டு ஓலை வந்தது. பின்னச் சொல்லிக்கொடுக்க வர முடியுமா என்றால், தண்ணீர் வற்றுகிற நேரமும் என் பாடவேளையும் ஒத்துப்போகவில்லை. "அதுக்கே தெரியும், கேளுங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் பவானிதான் வகுப்பு எடுத்தாள். வாய் திறக்காமலே எடுத்தாள். தப்பாகப் பின்னினால் கையைத் தட்டிவிடுவாள், பிரித்துக் கையில் கொடுப்பாள். தள்ளி உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஓலைக்காக நகர்ந்து நகர்ந்து அவள் பெஞ்சுக்கே வந்துவிட்டார்கள். நான் பின்னியதை மூன்று தடவை பிரித்தாள். நாலாவது தடவை தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு தானே பின்னினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் என்னுடையது போக இருபத்தெட்டு பறிகள் ஆயின. தொட்டியில் சேற்றுத் தண்ணீர் ஊற்றி, இறாலுக்குப் பதில் புளியங்கொட்டை போட்டோம். கண்ணை மூடித் தடவ வேண்டும், எடுத்துப் பறியில் போட வேண்டும், வாய் திறந்தால் ஆட்டம் அவுட். இயற்கை, மண்ணின் மக்கள் அறிவு, படைப்பாற்றல் மூன்றும் ஒரே தொட்டிக்குள் அடங்கிவிட்டன. இந்தக் குதூகலத்தில் பவானி எப்படியாவது பேசிவிடுவாள் என்பது என் திட்டம்.

பேசக் கூடாது என்று விதி போட்ட விளையாட்டில் ஒருத்தியைப் பேசவைக்கத் திட்டம் போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வாசலில் நின்றவர்

இப்போது அலுவலரை உள்ளே கூப்பிடலாம்.

நான் திக்கித் திணறி விளக்கினேன். அவருக்குப் பாதி புரிந்தது. ஆனால் தொட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் ஏரிக்கரை ஊர்க்காரன்தான்" என்றார். கோப்பை என்னிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்தார். என் பறியை வாங்கிக் கடித்துக்கொண்டு, பிள்ளைகளோடு குந்தி, கண்ணை மூடித் தொட்டிக்குள் கையை விட்டார். அவருக்குப் பக்கத்தில் பவானி இருந்தாள்.

ஒரு புளியங்கொட்டை எடுத்தார், பறியில் போட்டார். இரண்டாவதும் எடுத்தார். மூன்றாவதற்குக் கையை விட்டவர் அப்படியே விறைத்துப்போனார்.

தொட்டியில் புளியங்கொட்டை மட்டும் இருந்தால் நிஜ ஆறு மாதிரி இருக்காது என்று லோகேஷ் யாரிடமும் கேட்காமல் தானாக ஒரு முடிவெடுத்து, காலையிலேயே ஒரு நண்டை உள்ளே விட்டிருந்தான்.

"அய்யோ! அம்மா!"

அலுவலரின் வாய் திறந்தது. பறி விழுந்தது. அத்தனை கொட்டையும் தண்ணீரோடு போயிற்று.

பவானி பறியை வாயிலிருந்து எடுத்தாள். எழுந்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்தாள். மறு கையின் ஆள்காட்டி விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். துறைமுக லாரிகளின் ஹாரனுக்கு மேலே கேட்கிற ஒரு குரல் வந்தது.

"வாய மூடுல, சார்!"

என் குரல். என் அப்பாவின் கடைக் குரல். அந்த 'ல' உட்பட.

மின்விசிறி கடகடவென்று ஓடியது. அப்புறம் லோகேஷின் பறி விழுந்தது. "டீச்சர், பேசுது டீச்சர்! பவானி பேசுது!" ஒவ்வொன்றாக எல்லாப் பறிகளும் விழுந்தன. வகுப்பே எழுந்து குதித்தது. நான் கையிலிருந்த கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். சிரிப்புதான் முதலில் வந்தது, அழுகை எப்போது சேர்ந்தது என்று தெரியவில்லை.

அலுவலர் விரலை உதறிக்கொண்டே கேட்டார். "இவதான் பேச்சு வராத பொண்ணா?"

பவானி அவரை விடுவதாக இல்லை. "நண்டு கடிச்சா வாய தொறக்கலாமா? மொத்தமும் பூட்ச்சி பாருங்க. எங்கம்மா இருந்தா வுட்டுருப்பாங்களா?"

"தப்புதாம்மா" என்றார் அவர். கோப்பை வாங்கி, என் கடிதத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். நண்டு கடித்த விரல் என்பதால் கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. எனக்கு அது போதும்.

சுவரில் இருந்தது

அவர் போன பிறகு பவானியிடம் கேட்டேன். "முதல் நாள் எழுந்து என்னம்மா சொல்ல வந்த?"

அவள் சுவரைக் காட்டினாள். ஜூன் முதல் நாள் நான் வரைந்து ஒட்டிய படம், 'நம்ம ஊர் நீர்வாழ் உயிரினங்கள்', நாலு மாதமாக அங்கேதான் தொங்குகிறது.

"எறாலுக்கு நடக்க அஞ்சு ஜோடி கால், நீஞ்ச அஞ்சு ஜோடி. நீங்க மொத்தமே ஆறு கால்தான் போட்டுகீறீங்க. அது கரப்பாம்பூச்சி டீச்சர்."

ஸ்கெட்ச் பேனாவை அவள் கையில் கொடுத்தேன். பெஞ்சில் ஏறி நின்று மிச்சக் கால்களைப் போட்டாள். போடும்போதே எது ஆண், எது பெண், எது எந்தத் தண்ணீரில் வரும், எதைத் தொட்டாலே தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனாள். இருபத்தேழு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. நாலு மாதத்துப் பேச்சு பாக்கி இருந்ததல்லவா? கணக்கு வகுப்பில் பேசினாள், தேர்வில் பேசினாள், காலை வழிபாட்டில் மௌன அஞ்சலியின்போது பேசினாள். கௌரி சொன்ன காது வலி எனக்கும் வந்தது.

ஒருநாள் மதியம் அவளும் லோகேஷும் சேர்ந்து போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சரே வந்து எட்டிப் பார்த்தார். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "வாய..." என்று பாதி வெளியிலும் வந்துவிட்டது. அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். உதடு மூடத் தயாராக இருந்தது.

மேஜையில் ஒரு பறி இருந்தது. நாலாவது தடவை அவளே எனக்காகப் பின்னியது. உள்ளே இருந்த பேனாக்களைக் கொட்டினேன். விளிம்பை என் பல்லுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கடித்துக்கொண்டேன். கையால் மட்டும் காட்டினேன்: நீ சொல்லு.